அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் கை நசுங்கிய அண்ணன்: ஏஜென்ட் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடலாமா?

குளச்சல் கடைக்குட்டி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விஷயம் தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

எங்கள் அண்ணனுக்கு பஹ்ரைனில் ரிக்கர் வேலை, அதாவது கிரேனில் சுமையைக் கட்டித் தூக்குகிற வேலை. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்கள் வந்து கட்டுகிற துறையில் சாமான் ஏற்றி இறக்குவதும், ரிப்பேருக்கு நிற்கிற கப்பலில் கனமான பாகங்களைத் தூக்கி வைப்பதும்தான் அவர்கள் கூட்டத்துக்கு வேலை. சம்பளம் கொடுப்பது அமெரிக்கக் கம்பெனி இல்லை. அமெரிக்க அரசிடம் ஒப்பந்தம் எடுத்த பெரிய கம்பெனி, அதனிடம் சப்-கான்ட்ராக்ட் எடுத்த உள்ளூர் கம்பெனி, அவர்களுக்கு இங்கிருந்து ஆள் அனுப்பிய ஏஜென்ட் என்று மூன்று கை மாறிப் போனவர்.

ஏழு மாதத்துக்கு முன்னால் கிரேனில் ஒரு வால்வைத் தூக்கும்போது சுமையைக் கட்டுகிற சிலிங் சறுக்கியது. ஷாக்கிள் என்கிற இரும்பு வளையத்துக்கும் சுமைக்கும் நடுவில் வலது கை மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன. ஆள்காட்டி விரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. சூப்பர்வைசரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆபரேஷன் செலவைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. இரண்டு மாதம் பாதிச் சம்பளம் வந்தது. அப்புறம் டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதோடு பணமும் நின்றது.

போன வாரம் ஏஜென்ட் வீட்டுக்கே வந்தார். கையில் ஆங்கிலத்தில் இரண்டு பக்கத் தாள். கையெழுத்துப் போட்டால் 600 தினார் அக்கவுண்டில் விழும், போடாவிட்டால் ஒன்றும் கிடையாது என்கிறார். ‘விபத்து நடந்து 30 நாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், அந்தக் காலம் தாண்டிவிட்டது, கம்பெனி இரக்கப்பட்டுத் தருகிறது’ என்கிறார். மைனிக்கு (அண்ணன் மனைவிக்கு) இதில் சம்மதம் இல்லை. அண்ணன் மனசு ஒடிந்து கிடக்கிறார், வருவதை வாங்கிக்கொண்டு விட்டுவிடுவோம் என்கிறார். கூட வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர், ‘டிபிஏ என்று ஒரு அமெரிக்கச் சட்டம் இருக்கிறது, உனக்கும் அது உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

அடிப்படைச் சம்பளம் 150 தினார். ஓவர்டைம் சேர்த்தால் சராசரியாக மாதம் 188 வரும். என்ன செய்யலாம்?


தக்கலை பழைய கல்ஃப் எழுதியது:

தம்பி, சவூதியிலும் குவைத்திலும் பல வருஷம் இருந்தவன் சொல்கிறேன். கம்பெனியை எதிர்த்து ஜெயித்த நம்ம ஊர் ஆளை நான் பார்த்ததில்லை. கேஸ் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். ஏஜென்டைப் பகைத்தால் வீட்டில் அடுத்த பையனுக்கும் விசா வராது. 600-ஐ 800 ஆக்கிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.


முட்டத்துக்காரி எழுதியது:

தம்பி, கையெழுத்துப் போட வேண்டாம். இதை அண்ணனிடமும் மைனியிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன்.

நான் முட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் முடிந்து அமெரிக்கா போனேன். அங்கே தொழிலாளர் துறையில், துறைமுகத் தொழிலாளர் இழப்பீட்டைப் பார்க்கிற லாங்ஷோர் பிரிவில், மனுக்களைச் சரிபார்க்கிற க்ளெய்ம்ஸ் எக்ஸாமினராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது நாகர்கோவிலில் இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. ஆனால் உங்கள் அண்ணனுடையதைப் போன்ற ஃபைல்கள்தான் என் மேஜையில் வந்து விழும். நம் கடற்கரைப் பெயர்கள் அதில் எவ்வளவு குறைவு என்பது அங்கே இருந்த காலமெல்லாம் என்னை உறுத்தியது. அடிபட்டவர்கள் இல்லாமல் இல்லை. யாரும் மனு போடவில்லை.

முதலில் இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏஜென்ட் ‘இரக்கம்’ என்று சொன்னதால் இது தெரிந்திருக்க வேண்டும். நியூயார்க் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது இறந்துபோன ஒரு தொழிலாளியின் குடும்பத்துக்கு மாநில இழப்பீட்டுச் சட்டம் செல்லாது, அது கடல் சட்டத்தின் எல்லை என்று 1917-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கப்பலில் ஏறியவனும் இல்லை, கரையில் நிற்பவனும் இல்லை என்று துறைமுகத் தொழிலாளி நடுவில் தொங்கினான். பத்து வருஷம் கழித்து 1927-ல்தான் லாங்ஷோர் சட்டம் வந்தது. 1941 ஆகஸ்டில், வெளிநாட்டில் அமெரிக்க ராணுவத் தளங்களில் வேலை செய்பவர்களுக்கும் அதே இழப்பீட்டை நீட்டி ஒரு சட்டம் போட்டார்கள். உங்கள் பிலிப்பைன்ஸ் நண்பர் சொன்ன டிபிஏ அதுதான், டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட். அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. சப்-கான்ட்ராக்ட் கம்பெனி ஆளும் அதில் அடக்கம். சப்-கான்ட்ராக்ட் கம்பெனி இன்சூரன்ஸ் எடுக்காமல் ஏமாற்றியிருந்தால், மேலே இருக்கிற ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்க வேண்டும். விபத்து யார் தவறு என்ற கேள்வியும் கிடையாது. போதையினால் மட்டுமே நடந்தது, அல்லது வேண்டுமென்றே செய்துகொண்டது என்று நிரூபித்தால்தான் மறுக்க முடியும். சிலிங்கை அண்ணன் சரியாகக் கட்டவில்லை என்று கம்பெனி சொன்னாலும் அது இங்கே எடுபடாது.

ஒரு தடை வரலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சில நாடுகளில், உள்ளூர் இழப்பீட்டுச் சட்டம் போதும் என்று, அமெரிக்கர் அல்லாத தொழிலாளர்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுக்க தொழிலாளர் துறைக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி அதைக் காட்டலாம். ஆனால் அந்த விலக்கு, உள்ளூர்ச் சட்டப்படி இழப்பீடு உண்மையிலேயே கொடுக்கப்படுகிறது என்ற அடிப்படையில் நிற்பது. விலக்கு உண்டு என்று வாயால் சொல்லி உங்களை வீட்டுக்கு அனுப்ப ஏஜென்டுக்கு உரிமை இல்லை. நீங்கள் மனு போடுங்கள், விலக்கு இருந்தால் அவர்கள் தாளில் காட்டட்டும்.

இனி அந்த 30 நாள் கதை. 30 நாளில் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் முதலாளிக்கு விபத்து தெரிந்திருந்தால் எழுதிக் கொடுக்காததற்காக உரிமை போகாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சூப்பர்வைசரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன விபத்து கம்பெனிக்குத் தெரியாதா? உங்களுக்கு முக்கியமான காலக்கெடு வேறு. இழப்பீடு கேட்கும் மனுவை ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும். அந்தப் படிவத்துக்கு எல்எஸ்-203 என்று பெயர். தீர்ப்பு இல்லாமல் முதலாளி தானாக இழப்பீடு கொடுத்து வந்திருந்தால், கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம். அதோடு, விபத்து நடந்ததும் 10 நாளில் முதலாளி எல்எஸ்-202 என்ற அறிக்கையைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். அதை அனுப்பாமல் இருந்தால் உங்கள் ஒரு வருஷம் ஓடவே தொடங்காது. ஆனாலும் இதையெல்லாம் நம்பி உட்காராதீர்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே போடுங்கள்.

ஏஜென்ட் கொண்டுவந்த தாளுக்கு வருகிறேன். தொழிலாளி தன் இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று இந்தச் சட்டம் நேராகவே சொல்கிறது. சமரசம் செய்யலாம், ஆனால் அது தொழிலாளர் துறையின் மாவட்ட இயக்குநரிடமோ நீதிபதியிடமோ போய், தொகை போதுமானதா என்று பார்த்து அவர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் செல்லும். வீட்டுத் திண்ணையில் வைத்துப் போடுகிற கையெழுத்துக்கு அந்த மதிப்பு இல்லை. பிறகு ஏன் போட வேண்டாம் என்கிறேன்? ஒரு தாளில் என்னவெல்லாம் ஒளித்து எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன். ‘விபத்து நடந்தபோது நான் வேலையில் இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் போதும், அதை உடைக்கவே ஒரு வருஷம் போகும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். தினாருக்கும் டாலருக்கும் மாற்று விகிதம் நிலையானது, 376 ஃபில்ஸ் ஒரு டாலர். மாதம் 188 தினார் என்றால் 500 டாலர். வருஷத்துக்கு 6,000. அதை 52-ஆல் வகுத்தால் வாரம் 115 டாலர் சொச்சம். அதில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 77 டாலர், இதுதான் வார இழப்பீடு. அமெரிக்காவில் வேலை செய்பவருக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு, வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்தக் குறைந்தபட்சம் பொருந்தாது என்று டிபிஏ-வில் எழுதி வைத்துவிட்டார்கள். சம்பளம் குறைவாக வாங்கியவனுக்குக் கையும் குறைவான விலை என்று ஆகிறது. இது எனக்கு ஒருநாளும் ஏற்றுக்கொள்ள முடியாத விஷயம். ஆனால் சட்டம் அப்படித்தான். அதனால்தான் 150-ஐ வைத்துக் கணக்குப் போட விடாதீர்கள் என்கிறேன், ஓவர்டைமையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். 150 என்றால் வாரத் தொகை 61 டாலருக்கு இறங்கிவிடும்.

காயம் ஆறி டாக்டர் ‘இனி இதற்கு மேல் தேறாது’ என்று சொல்லும்வரை வேலை செய்ய முடியாத ஒவ்வொரு வாரத்துக்கும் அந்த 77 டாலர் வர வேண்டும். ஏழு மாதம் என்றால் ஏறக்குறைய 30 வாரம், 2,300 டாலர். வந்த பாதிச் சம்பளத்தைக் கழித்தாலும், ஏஜென்ட் நீட்டுகிற 600 தினாரை விட, அதாவது சுமார் 1,596 டாலரை விட, இதுவே அதிகம். விரல் கணக்கு இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சட்டத்தில் உறுப்புக்கு இத்தனை வாரம் என்று அட்டவணை இருக்கிறது. முழுக் கை போனால் 312 வாரம், மணிக்கட்டோடு போனால் 244, கட்டைவிரல் 75, ஆள்காட்டி விரல் 46, நடுவிரல் 30, மோதிர விரல் 25, சுண்டுவிரல் 15. அண்ணனுக்கு இரண்டு விரலைத் தனித்தனியாகக் கூட்டினால் 55 வாரம், சுமார் 4,230 டாலர். இன்சூரன்ஸ்காரர் இந்தக் கணக்கைத்தான் எடுப்பார். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட விரல் போயிருந்தால், விரல் விரலாக எண்ணாமல் மணிக்கட்டு வரையுள்ள மொத்தக் கைக்கு எவ்வளவு நஷ்டம் என்று பார்க்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. மடங்காத ஆள்காட்டி விரலையும் பார்த்து, கையின் உபயோகத்தில் 40 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் எழுதினால் 244-இல் 40 சதவீதம், 97.6 வாரம், 7,500 டாலர். வித்தியாசம் முழுவதும் டாக்டர் எழுதுகிற அந்த ஒரு வரியில் இருக்கிறது.

வைத்தியச் செலவு இதற்கெல்லாம் வெளியே, தனி. டாக்டரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அண்ணனுக்கு, கம்பெனிக்கு இல்லை. பிசியோதெரபி, போய்வருகிற செலவு, செயற்கை விரல் வைப்பதானால் அது, எல்லாம் கேட்கலாம். பஸ் டிக்கெட்டைக்கூட எறியாதீர்கள்.

எங்கள் அலுவலகத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஆட்கள் ‘அமெரிக்க அரசாங்கம் பணம் கொடுக்கும்’ என்று நினைக்கிறார்கள். கொடுப்பது முதலாளியின் இன்சூரன்ஸ் கம்பெனி. அலுவலகத்தின் வேலை கண்காணிப்பது. முதலாளிக்கு விபத்து தெரிந்த 14-ஆம் நாள் முதல் தவணை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் எல்எஸ்-207 என்ற மறுப்புத் தாளைப் போட வேண்டும். இரண்டும் செய்யாமல் தாமதித்தால் தாமதமான தொகையோடு 10 சதவீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். இதையெல்லாம் எக்ஸாமினர் ஃபைலைத் திறந்து வைத்துத் தேதி தேதியாகப் பார்ப்பார். ஆனால் ஃபைல் இருந்தால்தானே பார்க்க முடியும்? மனு வந்து கேஸ் நம்பர் விழாதவரை உங்கள் அண்ணன் என்று ஒருவர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு ஃபைல் இன்னும் கண்முன் நிற்கிறது. ஊரும் பெயரும் சொல்ல மாட்டேன். முதலாளியின் அறிக்கையில் காயத்தின் தன்மை என்ற கட்டத்தில் ‘விரல் நுனியில் வெட்டு, வேலைக்குத் திரும்பிவிட்டார்’ என்று டைப் செய்திருந்தது. மூன்று மாதம் கழித்து அந்தத் தொழிலாளியின் மகள் ஒரு போட்டோ அனுப்பினாள். பள்ளிக்கூடக் கோடு போட்ட நோட்டின் மேல் அப்பாவின் கையை விரித்து வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்திருந்தாள். கூடவே அரபியும் ஆங்கிலமும் கலந்த டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டு விரல் இல்லை. அந்தப் பிள்ளை அனுப்பிய இரண்டு தாளுக்குப் பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்தால் எக்ஸாமினர் போன் வழியாக ஒரு பேச்சுவார்த்தை வைப்பார். அங்கே காலை என்றால் இங்கே இரவு, பரவாயில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். எக்ஸாமினர் சொல்வது பரிந்துரைதான், யாரையும் கட்டுப்படுத்தாது. ஒத்துவராவிட்டால் கேஸ் தொழிலாளர் துறையின் நிர்வாக நீதிபதியிடம் போகும். அதற்கு மேல் மேல்முறையீட்டு வாரியம், அப்புறம் ஃபெடரல் நீதிமன்றம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது.

தக்கலை அண்ணாச்சி, நீங்கள் பார்த்தவரை சொன்னது உண்மை. யாரும் ஜெயித்துப் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் யாரும் போடவில்லை என்பதே.


ஆசாரிபள்ளம் பிசியோ எழுதியது:

அக்கா சொன்ன ‘டாக்டர் எழுதுகிற ஒரு வரி’ பற்றி. நான் கை அறுவைச் சிகிச்சை நோயாளிகளைத் தினமும் பார்க்கிறேன். நம் ஊரில் சர்ட்டிஃபிகேட் கேட்டால் ‘வலது கையில் இரண்டு விரல் இல்லை, ஓய்வு தேவை’ என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது. ஒவ்வொரு மூட்டும் எத்தனை டிகிரி மடங்குகிறது, பிடியின் பலத்தை அளக்கிற டைனமோமீட்டரில் பிடி எத்தனை கிலோ, அதே அளவு இடது கையில் எவ்வளவு, விரல் எந்த எலும்புக் கணுவில் துண்டானது, தொடு உணர்வு எங்கே இல்லை, இவ்வளவும் வேண்டும். கணு முக்கியம். பிடியளவை மூன்று தடவை எடுத்துச் சராசரி போடச் சொல்லுங்கள். எலும்பு டாக்டரிடம் போகும்போது அண்ணன் செய்த வேலை என்ன என்று எழுதிக் கொண்டுபோங்கள்: கம்பிக்கயிறு பிடிப்பது, ஷாக்கிள் பின் திருகுவது, ஏணியில் ஏறுவது. ரிக்கர் என்ற வார்த்தை மட்டும் சொன்னால் டாக்டருக்குப் புரியாது.

மூட்டு இறுகுவதற்கு முன்னால் ஆள்காட்டி விரலுக்குப் பயிற்சி தொடங்குங்கள். இழப்பீடு குறையுமோ என்று பயந்து பயிற்சியை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விரல் முக்கியம்.


முட்டத்துக்காரி எழுதியது:

இது பொன்னான பதில். கணுவும் அட்டவணையில் வருகிறது. நுனியிலிருந்து முதல் கணு மட்டும் போனால் அந்த விரலுக்குப் பாதி வாரம், அதற்கு மேல் போனால் முழு விரல் கணக்கு. இன்னொன்றும் சொல்கிறேன்: இருப்பதைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். தெரிந்தே பொய் சொல்லி இழப்பீடு கேட்பது அங்கே குற்றம். அண்ணனுக்கு இருக்கிற உண்மையே போதும்.


குளச்சல் கடைக்குட்டி எழுதியது:

அக்கா, எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் பதிலை மைனிக்கு வாசித்துக் காட்டினேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்னும் மூன்று சந்தேகம். ஒன்று, ஏஜென்ட் போகும்போது ‘கேஸ் போட்டால் பிளாக்லிஸ்ட் ஆகிவிடும்’ என்றார். இரண்டு, நாகர்கோவிலில் ஒரு கன்சல்டன்சி இருக்கிறது, எல்லாம் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வருகிற பணத்தில் 30 சதவீதமும், முன்பணமும் கேட்கிறார்கள். மூன்று, அங்குள்ள உள்ளூர் இன்சூரன்ஸிலிருந்தும் ஏதோ வரும் என்கிறார்கள், இரண்டையும் வாங்கலாமா?


முட்டத்துக்காரி எழுதியது:

இழப்பீடு கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதும் பாரபட்சம் காட்டுவதும் அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆனால் நேராகவே சொல்கிறேன், இங்கே இருக்கிற ஏஜென்ட் அடுத்த தடவை போன் எடுக்காமல் இருந்தால் அதை அமெரிக்கச் சட்டம் வந்து தடுக்காது. அந்தப் பயத்துக்கு ஒரு கையின் விலையைக் கொடுக்க வேண்டுமா என்பதை நீங்கள் வீட்டில் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்பது என் கருத்து.

கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்தச் சட்டத்தின் கீழ் தொழிலாளிக்காக வாதாடுபவர் வாங்குகிற ஒவ்வொரு டாலரையும் தொழிலாளர் துறையோ நீதிபதியோ நீதிமன்றமோ அனுமதிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால் 1,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறை. வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசி வாங்கும் வழக்கமே அங்கே இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனி மனு கிடைத்து 30 நாளில் பணம் கொடுக்க மறுத்து, பிறகு நீங்கள் வக்கீல் வைத்து ஜெயித்தால், அந்த வக்கீல் கட்டணத்தை அவர்களே கொடுக்க வேண்டும். அதனால்தான் அமெரிக்காவில் இந்தச் சட்டத்தில் பழகிய வக்கீல்கள் முன்பணம் கேட்காமல் எடுக்கிறார்கள். முன்பணம் கேட்கிற இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளூர்ப் பணம் வந்தால் வாங்குங்கள், மறைக்காதீர்கள். அதே காயத்துக்கு வேறு இழப்பீட்டுச் சட்டத்தில் கிடைத்ததைக் கழித்துக்கொள்ளக் கேட்பார்கள். எவ்வளவு, எந்தத் தேதியில், யார் கொடுத்தது என்று மனுவோடு எழுதி வைத்துவிட்டால் பிறகு யாரும் விரல் நீட்ட முடியாது.

எல்எஸ்-203 சின்னப் படிவம்தான். தொழிலாளர் துறை இணையதளத்தில் இருக்கிறது, கட்டணம் இல்லை. முதலாளி பெயர் என்ற கட்டத்தில் சம்பளம் கொடுத்த கம்பெனியை எழுதுங்கள், மேலே இருக்கிற பெரிய ஒப்பந்தக்காரர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். தள நுழைவு அட்டையின் போட்டோ, சம்பளச் சீட்டுகள், பாஸ்போர்ட்டில் விசா பக்கம், டிஸ்சார்ஜ் சம்மரி, பிலிப்பைன்ஸ் நண்பர் கண்ணால் பார்த்ததை அவர் வார்த்தையில் எழுதி அனுப்பினால் அதுவும். நுழைவு அட்டையை விடாதீர்கள். எந்தத் தளத்தில் வேலை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.


தூத்தூர் நெடுந்தூரம் எழுதியது:

அக்கா, ஒரு கேள்வி. எங்கள் ஊர்ப் பையன்கள் பஹ்ரைனிலும் சவூதியிலும் அரபிக்காரர் படகில் மீன்பிடிக்கப் போகிறார்கள். அவர்களுக்கு இது உண்டா? அப்புறம், எங்கள் உறவில் ஒருவர் ஈராக்கில் அமெரிக்க முகாமில் சமையல் கூடத்தில் இருந்தவர், அங்கேயே இறந்துபோனார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒன்றரை வருஷம் ஆகிறது.


முட்டத்துக்காரி எழுதியது:

தம்பி, அரபிக்காரர் படகில் மீன் பிடிப்பவர்களுக்கு இது கிடையாது. அமெரிக்க அரசு ஒப்பந்தம் எதுவும் அதில் இல்லை. அவர்களுக்கு அந்த நாட்டுச் சட்டமும் வேலை ஒப்பந்தமும்தான். அதனால் ஒப்பந்தத்தின் ஒரு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். 2017 ஒக்கி புயலில் யார் எந்தப் படகில் போனார்கள் என்ற பட்டியலுக்கே நம் ஊர்கள் என்ன பாடு பட்டன என்பது தூத்தூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஈராக் முகாமில் இறந்தவர் விஷயம் வேறு. சமையல் கூடமானாலும் அமெரிக்க ஒப்பந்த வேலை என்றால் டிபிஏ-வில் வரும். மரணத்துக்கு எல்எஸ்-262 என்ற படிவம். மனைவிக்குச் சராசரி வாரச் சம்பளத்தில் பாதி, பிள்ளைகள் இருந்தால் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு வரை. மறுமணம் செய்யாதவரை மனைவிக்கு ஆயுள் முழுக்க. அடக்கச் செலவுக்கு 3,000 டாலர் வரை. ஒன்றரை வருஷம் ஆனதால் விட்டுவிடாதீர்கள். முதலாளி எல்எஸ்-202 அறிக்கை அனுப்பியிருக்கிறாரா என்று தொழிலாளர் துறையில் கேட்டு, மனுவையும் கூடவே போடுங்கள். அனுப்பவில்லை என்றால் காலக்கெடு ஓடத் தொடங்கியிருக்காது. முகாமில் ஓய்வு நேரத்தில் இறந்தார் என்று மறுத்தாலும் பயப்பட வேண்டாம். அபாயமான இடத்தில் கொண்டுபோய் வைத்தவர்கள் அந்த இடத்தின் அபாயத்துக்குப் பொறுப்பு என்று 1951-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குவாம் தீவில், வேலை நேரம் முடிந்து கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் மூழ்கி இறந்த ஒரு தொழிலாளியின் வழக்கு அது.

ஒரு கசப்பான விஷயம் இருக்கிறது, முன்பே தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு, மரணம், முழு ஊனம் போன்றவற்றுக்கு இனிமேல் வர வேண்டிய தவணைகளைக் கணக்கிட்டு, அதில் பாதியை மட்டும் ஒரே தடவையாகக் கொடுத்து முடிக்க இன்சூரன்ஸ் கம்பெனி விண்ணப்பிக்கலாம். சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரு டெக்சாஸ் விதவைக்கு முழுசு, ஒரு தூத்தூர் விதவைக்குப் பாதி என்பதை நான் அலுவலகத்தில் இருந்தபோதும் நியாயம் என்று நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. இந்த வெட்டு இதுவரை வர வேண்டிய பாக்கிக்குக் கிடையாது, விரல், கை போன்ற அட்டவணைக் காயத்துக்கும் கிடையாது. அதனால் பாக்கி எத்தனை வாரம் என்று முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு பாதி என்கிற பேச்சுக்குப் போகச் சொல்லுங்கள்.


தக்கலை பழைய கல்ஃப் எழுதியது:

இதெல்லாம் எங்கள் காலத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை அம்மா. குவைத்தில் முகாம் வேலைக்குப் போன இரண்டு பேர் எனக்குத் தெரிந்து இருக்கிறார்கள், ஒருத்தருக்கு முதுகு போய்விட்டது. இந்தப் பக்கத்தை அவர்களுக்கு அனுப்புகிறேன். தம்பி, நான் முதலில் சொன்னதை விட்டுவிடு. அக்கா சொல்கிறபடி செய்.


குளச்சல் கடைக்குட்டி எழுதியது:

படிவம் முழுக்க நிரப்பியாச்சு. நுழைவு அட்டையை மைனி அண்ணனுடைய பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எலும்பு டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம். அக்கா, கடைசியாக ஒன்று. அண்ணனுக்கு வலது கையால் பேனா பிடிக்க வரவில்லை. இடது கையால் போட்டால் பாஸ்போர்ட்டில் இருக்கிற கையெழுத்தோடு பொருந்தாது. நான் அவருக்காகப் போடலாமா?


முட்டத்துக்காரி எழுதியது:

நீங்கள் போடக் கூடாது. இடது கையாலேயே அவர் போடட்டும், கோணலாக இருந்தாலும் சரி. தனித் தாளில் ‘வலது கையில் காயம் என்பதால் இடது கையால் கையெழுத்துப் போடுகிறேன்’ என்று எழுதி, அதற்குக் கீழேயும் அவர் போட்டு, பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பேர் பெயர், விலாசம், தேதியோடு சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். மைனி ஒருவர், நீங்கள் வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். டாக்டர் ரிப்போர்ட்டுக்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். மனு முதலில் போகட்டும், ரிப்போர்ட் பின்னால் போகலாம். கேஸ் நம்பர் வந்ததும் இங்கே எழுதுங்கள், எக்ஸாமினருக்கு முதல் கடிதம் எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.